தருமபுரி அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறது. சேரலாமா?

பாலக்கோட்டுப் பையன்:
வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வணிகவியல் குரூப்பில் கணினிப் பயன்பாடு எடுத்ததால் கணக்குப் பாடம் பத்தாவதோடு நின்றுவிட்டது. கலந்தாய்வில் பி.காம். கிடைக்கவில்லை, தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் கிடைத்தது. அப்பா ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறார். "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்? ஓசூரில் கம்பெனிக்குப் போனால் மாசம் பிறந்தால் சம்பளம்" என்கிறார் மாமா. பள்ளியில் எனக்குப் பிடித்த பாடமே பொருளியல்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது. இதே பாடம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலத்தான்:
சீட்டை விட்டுவிடாதே தம்பி. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ் செலவுக்கு ஆகும். அரசு வேலைக்கான குரூப் 2, குரூப் 4 தேர்வு இரண்டிலும் இந்தியப் பொருளாதாரம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. படிப்பு வீண் போகாது.

ராயக்கோட்டை அக்கா:
தம்பி, நான் அதே கல்லூரியில் அதே பாடம் படித்தவள். பிறகு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., அப்புறம் பி.எட். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியை. என் அம்மா தக்காளி பறிக்கும் கூலி வேலைக்குப் போனவர். அதனால் உன் வீட்டுப் பேச்சு எனக்குத் தெரியும்.

முதல் வருடம் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதை, நடத்தியபோது எனக்குப் புரியவே இல்லை. அந்த வருடம்தான் எங்கள் ஊரில் தக்காளியைப் பறிக்காமல் செடியோடு விட்டார்கள், பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. விலை பாதியானால் இரண்டு மடங்கு வாங்கிக் குழம்பில் போடுவார்களா? மாட்டார்கள். அதனால்தான் வரத்து கொஞ்சம் கூடினாலும் விலை பாதாளத்துக்குப் போகிறது. அன்று ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ எங்க தப்பில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் எம்.ஏ. வரை போனேன் என்று சொல்வேன்.

விலை ஏறிய வருடம் எல்லோரும் நாற்று நடுகிறார்கள், இரண்டு இரண்டரை மாதத்தில் எல்லோர் காயும் ஒன்றாக மண்டிக்கு வருகிறது, விலை விழுகிறது. அடுத்த போகம் பயந்து யாரும் நடுவதில்லை, மறுபடி ஏறுகிறது. இதற்கு சிலந்தி வலைத் தேற்றம் என்று பெயர். 1934இல் நிக்கோலஸ் கால்டர் வைத்த பெயர். உன் அப்பா அதைப் பெயர் தெரியாமல் வருடா வருடம் பார்க்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பேராசிரியர் 1916லேயே மாணவர்களை அவரவர் ஊரைக் கணக்கெடுக்கச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்றெல்லாம். அப்படிக் கணக்கெடுத்த ஊர்களில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டில் பிறகு வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். பாலக்கோட்டுப் பையனுக்கும் அந்த வேலை செய்ய முடியும்.

மாமா சொல்வதையும் தள்ளிவிடாதே. பி.ஏ. முடித்த மறுநாள் வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பாடத்தோடு நேரடியாகச் சேர்ந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் எம்.ஏ. வேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதவே முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் அதற்கு மேல் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு. ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டு வீட்டில் பேசு.

பாலக்கோட்டுப் பையன்:
ரொம்ப நன்றி அக்கா. கணக்கு? தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

ராயக்கோட்டை அக்கா:
கணக்கைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். நான் பி.ஏ.வில் புள்ளியியல் தாளைக் கேள்வி-பதில் மனப்பாடம் செய்து தேறினேன். எம்.ஏ.வில் வகைநுண்கணிதம் வந்ததும் முதல் மாதம் விடுதியில் உட்கார்ந்து அழுதேன். நீ அப்படிச் செய்யாதே. பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தை இப்போதே எடு, தினம் ஒரு மணி நேரம். இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒன்று கூடுதலாகச் செய்ய ஆகும் செலவு, மொத்தச் செலவு வளைகோட்டின் சாய்வுதான் என்று புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தமிழ்வழி கிடைத்தால் எடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் அதற்கான சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள். ஆனால் எம்.ஏ. புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலும் அதன் ஆங்கிலச் சொல்லை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. நான் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வணிகக் கணிதப் புத்தகமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன், வேண்டுமானால் வாங்கிக்கொள்.

பாலக்கோட்டுப் பையன்:
வருகிறேன் அக்கா. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், சிலந்தி வலை வரும் இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். திங்கட்கிழமை சேர்க்கைக்கு அவரும் வருகிறார்.