படம் கறுப்பு, சத்தம் மட்டும்: திருகோணமலையில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உவர்மலைவாசி
காசு கட்டிப் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தத் தலையிடி. கள்ள லிங்கில் பார்க்கிறவனுக்கு ஒரு பூட்டும் இல்லை. ஆகவே கள்ள ஆப் கதை இங்கே வேண்டாம். சந்தா கட்டியும் டிஆர்எம் பூட்டில், அதாவது படத்தைக் கள்ளமாகப் படியெடுக்க விடாமல் போடும் பூட்டில், மாட்டிய கதை இருந்தால் எழுதுங்கள்.

எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விவரணப்படம் போட்டோம். டேப்லெட், அதில் ஒரு அடாப்டர், அங்கிருந்து விஜிஏ வயர், பழைய புரொஜெக்டர். போட்டோ தெரிகிறது, நாங்கள் எடுத்த விளையாட்டுப் போட்டி வீடியோவும் ஓடுகிறது. படத்தைத் தொட்டவுடன் திரை கறுப்பு; சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் ஜோராகக் கேட்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

காரணம் ஹெச்டிசிபி. வயர் வழியாகப் போகும் படத்தை யாரும் களவெடுக்காமல் காக்க இன்டெல் உருவாக்கிய முறை. படத்தை அனுப்பும் கருவி, வாங்கும் கருவியிடம் முதலில் ஒரு இரகசியக் குறியீடு கேட்கும். சரியான பதில் வந்தால்தான் படத்தை விடும். விஜிஏ அனலாக் வயர், அதில் பதில் வர வழியே இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பதிலைச் சொல்லக்கூடிய, ஹெச்டிஎம்ஐ உள்ள புரொஜெக்டரை இரவல் வாங்கின பிறகுதான் படம் ஓடியது.

உப்புவெளி கெஸ்ட்ஹவுஸ்
மே மாதம் சீசன் தொடங்கினால் எனக்கு இதே வேலைதான். வெளிநாட்டுக்காரர் தங்கள் கணக்கில் நுழைந்து, "பாதி பார்த்த தொடரைக் காணவில்லை, உங்கள் வைஃபை சரியில்லை" என்பார்கள். வைஃபை என்ன செய்யும்? ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக விற்கிறார்கள். இலங்கைக்கு வாங்காத தொடர் இங்கே பட்டியலில் வராது. இதை விளங்கப்படுத்தவே காலைச் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

இன்னொன்று. ஒரு 4கே (மிக உயர் தெளிவு) பெட்டியிலிருந்து, ஒரு படத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு வரவேற்பறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் படம் கொடுத்தேன். மண்டபத்து டிவி பழையது. அதைப் போட்டால் இரண்டு டிவியிலும் படம் நின்றுவிடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கிண்ணியா ரிப்பெயர் கடை
என் கடைக்கு வருகிற முறைப்பாடு வேறு. "டிஸ்ப்ளே ஃபுல் ஹெச்டி, யூடியூப் கண்ணாடி மாதிரி இருக்கிறது, சந்தா கட்டின ஆப்பில் மட்டும் படம் மங்கல். டிஸ்ப்ளேயை மாற்றித் தாருங்கள்." டிஸ்ப்ளேயில் ஒரு குறையும் இருக்காது. டிஆர்எம் இன்ஃபோ என்று ஒரு இலவச ஆப் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தால் வைட்வைன் என்ற இடத்தில் எல்3 என்று காட்டும்.

வைட்வைன் கூகுள் 2010இல் வாங்கிய நிறுவனத்தின் பூட்டு. ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது அதுதான். ஆப்பிளுக்கு ஃபேர்பிளே, மைக்ரோசொஃப்டுக்கு பிளேரெடி. எல்1 உள்ள போனில் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள்ளே தனியாக ஒதுக்கிய பாதுகாப்பான பகுதியில் நடக்கும். மற்ற ஆப் எதுவும் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. எல்3 என்றால் எல்லாம் வெறும் மென்பொருளில். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூச்சட்டிக்குக் கீழே வைப்பது போல. அதனால் பல சேவைகள் எல்3 போனுக்கு 480பி என்ற குறைந்த தெளிவுக்கு மேல் விடுவதில்லை.

ஏன் எல்3 ஆகிறது? சில போன் கம்பனியிலிருந்தே அப்படி வரும். சிலது பூட்லோடரை (போனைத் தொடக்கிவைக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்து வேறு ரொம், அதாவது வேறு இயங்குதளம், ஏற்றியதால் எல்1இலிருந்து கீழே விழுந்திருக்கும். திரும்பப் பூட்டினால் சிலதில் எல்1 வரும், சிலதில் வராது. பழைய போன் வாங்கப் போகிறவர்கள் பட்டறி பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். விற்கிறவன் சொல்லமாட்டான்.

ஸ்க்ரீன் ரெக்கார்ட் எடுத்தால் கறுப்பாக வருகிறது, சரிபண்ணித் தாருங்கள் என்றும் பிள்ளைகள் வருகிறார்கள். அது பழுது இல்லை. ரெக்கார்டர் படம் எடுக்கும் இடத்துக்கு அந்த வீடியோ வருவதே இல்லை.

மூதூர் ஏஎல் மாணவி
நானா, அந்தப் பிள்ளைகள் நாங்கள்தான். இணைந்த கணிதம் ஒன்லைன் வகுப்பு. மாதக் காசு கட்டினால் வீடியோ கிடைக்கும். இரவு டேட்டா மலிவு என்பதால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்கி வைப்பேன். இறங்குவது பூட்டிய கோப்பு, திறக்கும் அனுமதிக்குத் தனியாக நாள் கணக்கு. மாதிரிப் பரீட்சைக்கு முதல் நாள் திறந்தால் "அனுமதி முடிந்தது" என்கிறது. அன்றைக்கென்று பகல் டேட்டாவும் இல்லை.

அதைவிடக் கொடுமை, என் போன் நம்பர் வெள்ளை எழுத்தில் திரை முழுக்க மிதந்து திரியும். ரெக்கார்ட் பண்ணி வெளியே விட்டால் யார் என்று பிடிக்கத்தானாம். சரி, ஆனால் தொகையீட்டுக் கணக்கில் கீழ் எல்லை 0ஆ 6ஆ என்று பார்க்கிற நேரம் பார்த்து நம்பர் அதற்கு மேல் வந்து நிற்கிறது.

டொக்யார்ட் வீதி ஐயா
தங்கச்சி, அந்த நம்பர் எங்களுக்குப் பழைய சங்கதி. கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது டிஷ் பெட்டியின் நம்பர் திரையில் திடீரென்று வந்து போகும். யாராவது பிடித்து மறு ஒளிபரப்பு செய்தால் எந்தப் பெட்டி என்று அதில் தெரிந்துவிடும்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போய் நின்றுவிட்டு வந்தால், காசு கட்டியிருந்தும் சனல் வராது. சந்தா இருக்கிறது என்ற செய்தியும் சட்டலைட் வழியாகத்தான் பெட்டிக்கு வருகிறது. பெட்டி ஓஃப் என்றால் அது யாருக்குப் போய்ச் சேரும்? கம்பனிக்கு அழைத்து அந்தச் செய்தியைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியை ஓன் பண்ணி, சனலை மாற்றாமல் விடுங்கள். படத்தைத் திறக்கும் சாவியே சில விநாடிக்கு ஒரு தரம் மாறிக்கொண்டிருக்கும். அந்தச் சாவியை எடுத்துத் தருவது பெட்டியில் செருகிய கார்டு. அதனால்தான் கார்டை இழுத்தவுடன் படம் நின்றுவிடுகிறது. நான் பேரனுக்கு இழுத்துக் காட்டினேன். மனைவி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தா, ஏச்சு விழுந்தது.

கிண்ணியா ரிப்பெயர் கடை
உப்புவெளி அண்ணா, உங்கள் பழைய டிவியில் ஹெச்டிசிபி 2.2 என்ற புதிய பதிப்பு இருக்காது. 4கே-க்கு அது வேண்டும். ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் ஒரு டிவி பதில் சொல்லாவிட்டாலும் பெட்டி மற்றதையும் சேர்த்து நிறுத்திவிடும். பெட்டியின் செட்டிங்கில் வெளியீட்டை 1080பி (ஃபுல் ஹெச்டி) ஆக்கிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் வரும். வராவிட்டால் ஸ்ப்ளிட்டரைக் கடைக்குக் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகுதான் திறப்பேன்.