படைவீரர் குடும்பங்களுக்குச் செய்யும் உதவியை வேலையாகவே மாற்ற முடியுமா?

குடியாத்தத்துப் பெண்:
என் கணவர் ஹவில்தார். கல்யாணமாகி 11 வருடம். பதான்கோட், ஜபல்பூர், செகந்திராபாத் என்று மூன்று ஊர் பார்த்தாயிற்று. அவருக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாத ஃபீல்டு போஸ்டிங் வந்தால் நானும் பிள்ளைகளும் குடியாத்தம் வந்துவிடுவோம். பி.காம். படித்தும் எந்த வேலையிலும் இரண்டு வருடம் நிலைக்க முடியவில்லை. ஆனால் போன இடமெல்லாம் குவார்ட்டர்ஸ் பெண்களுக்குப் படிவம் நிரப்பித் தருவேன், இந்தி தெரியாதவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். ஆதாரில் அக்கா பெயர் வெறும் மல்லிகா. ராணுவப் பதிவில் யாரோ எப்போதோ 'மல்லிகா தேவி' என்று எழுதிவிட்டார்கள். அந்தத் 'தேவி'யால் ஓய்வூதியம் எட்டு மாதம் நின்றுபோனது. அஃபிடவிட், கடிதம் என்று நான்தான் அலைந்தேன். பணம் ஏறிய அன்று அக்கா பாஸ்புக்கை என் கையில் கொடுத்து, "நீயே படிச்சுச் சொல்லு" என்றார். இதைத்தான் இனி வேலையாகச் செய்ய வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. வருமானத்துக்கு வழி உண்டா?

ஓய்வுபெற்ற சுபேதார்:
நல்ல காரியம்மா. ராணுவ வீரர்களின் மனைவியர் நலச் சங்கமான 'ஆவா' 1966 முதல் இருக்கிறது, ஆனால் அங்கே பெண்கள் செய்வது பெரும்பாலும் தொண்டுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பாருங்கள்.

கம்மவான்பேட்டை மருமகள்:
தங்கச்சி, நான் 38 வயதில் சட்டம் படித்தவள். இப்போது சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஓய்வூதிய வழக்குகள்தான் என் பிழைப்பு. எல்.எல்.பி.யைத் தபாலில் படித்தால் பார் கவுன்சில் ஏற்காது. கல்லூரிக்கு நேரில் போக வேண்டும். அதனால் அடுத்த மாற்றலைப் பார்த்துச் சேருங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 'வீர் பரிவார் சகாயதா யோஜனா'வைத் தொடங்கியது. சைனிக் போர்டு (படைவீரர் நல வாரிய) அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைத்து, படைவீரர் குடும்பத்தாரையும் சட்டத் தன்னார்வலர்களாகச் சேர்க்கிறார்கள். கிடைக்கும் மதிப்பூதியம் குடும்பம் நடத்தப் போதாது. ஆனால் கையில் அடையாள அட்டையோடு போய்க் கேட்டால் பதில் சொல்லும் விதமே மாறும்.

ஓய்வூதியம் வாங்கித் தந்ததோடு வேலை முடிவதில்லை. எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரண வகை என்றால் முதல் 10 வருடம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், அப்புறம் 30. பணி காரணமான மரணம் என்றால் 60. போர்க்களத்தில் இறந்தால் முழுச் சம்பளமும் வரும். வகை தப்பாகப் போட்டிருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆணை) தன் பெயரும் பிள்ளைகள் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று கணவர் பணியில் இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். விதவைகளிடம் சதவீதம் பேசிப் பணம் வாங்கும் ஆட்கள் உண்டு. அந்தப் பக்கம் ஒருநாளும் போகாதீர்கள்.

குடியாத்தத்துப் பெண்:
அக்கா, இன்று காலை மல்லிகா அக்காவின் ஓய்வூதிய ஆர்டரைப் பார்த்தேன். சாதாரண வகை என்றுதான் இருக்கிறது. அவர் கணவர் சிக்கிம் எல்லையில் டியூட்டியில் மூச்சுத் திணறி விழுந்தவர்.

கம்மவான்பேட்டை மருமகள்:
மருத்துவக் காகிதங்கள், விசாரணை அறிக்கை நகல் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை வேலூரில் இருப்பேன்.