‘புரூஃப் மார்க்’: சான்று முத்திரையா, தாங்குமுத்திரையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> தாத்தாவின் ஏற்காட்டு வீட்டுப் பெட்டியில் பழைய ராணுவ ரிவால்வர் ஒன்று இருக்கிறது. பாகப்பிரிவினைக்கு முன் மதிப்புப் பட்டியல் எழுத வேண்டும். ‘புரூஃப் மார்க்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதலாம்?

இதற்கு வந்தவை சான்று முத்திரை, தர முத்திரை, புடமுத்திரை. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை.

இங்கே ‘புரூஃப்’ சாட்சி சொல்வதற்கானதல்ல. துப்பாக்கியின் புதுக் குழலில் வழக்கத்தைவிட வலுவான வெடிமருந்தை ஏற்றிச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல், உப்பாமல் நின்றால்தான் முத்திரை விழும். பர்மிங்காமில் இதற்கென்றே 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஒரு சோதனைக்கூடம் அமைந்தது; லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கத்தின் பட்டயம் 1637ஆம் ஆண்டினது. தர முத்திரை என்றால் நம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியின் மாற்றைத்தான் நினைப்பார்கள். புடம் அழகான சொல்தான், ஆனால் புடம் போட்டால் அழுக்கு நீங்கிப் பொன் தேற வேண்டும். இங்கே குழல் போனபடியே திரும்பி வர வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: தாங்குமுத்திரை. செய்யும் சோதனை தாங்குசோதனை.

> முத்திரை எதை ஐயா தாங்குகிறது? தாங்கியது குழல் அல்லவா?

குடிநீர் என்கிறோம், நீரா குடிக்கிறது? வினைத்தொகைக்கு அந்தச் சலுகை உண்டு.

பட்டியலில் இதைத் தனிச்சொல்லாக வைக்கக் காரணம், ஒரே இரும்பில் மூன்று வகைக் குறிகள் கலந்து கிடப்பதுதான். நண்பர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துப்பாக்கியின் உடற்சட்டத்தில் வெப்ளி, மார்க் 6, 1917 என்று இருக்கிறது. இது செய்தவர் குறி. இந்த வகை ரிவால்வர் 1915இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது, .455 அங்குலத் தோட்டா, ஆறு அறை. குழலிலும், தோட்டாக்கள் அமரும் சுழலுருளையிலும் கிரீடத்தின் கீழ் குறுக்கிட்ட இரு கொடிகள். இவை ராணுவத் தாங்குமுத்திரைகள். பக்கத்தில் இருக்கும் அகன்ற அம்பு அரசின் உடைமைக்குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், படை அதை முறைப்படி விற்றுவிட்டது என்று பொருள். அம்பே இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அக்கால அதிகாரிகள் பலர் சொந்தக் காசில் வாங்கினார்கள். குழல், உடற்சட்டம், உருளை மூன்றிலும் வரிசை எண் ஒன்றா என்பதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்; உருளை மாறியிருந்தால் விலை இறங்கும்.

நண்பரின் அண்ணன் உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறாராமே, அதை முதலில் பிடுங்குங்கள்! கொலுசு பளபளத்தால்தான் விலை, இதற்கு நேரெதிர். தேய்த்தால் இரும்பின் பழைய நீலக்கருமைப் பூச்சோடு முத்திரையின் விளிம்பும் மழுங்கும், பிறகு எதை வைத்து அடையாளம் சொல்வது?

வெளிநாட்டு ஏலத் தொகையைப் பார்த்து யாரும் கணக்குப் போட வேண்டாம். நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உள்ளூரில் உரிமம் உள்ளவர்தான் வாங்கலாம். எனவே சேலத்தில் இதன் சந்தை மிகச் சிறியது. அதற்கும் முன்னால் ஒன்று: தாத்தாவின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் 1917 வெப்ளி அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகிற சாதியல்ல.

கேள்வி கேட்ட நண்பரின் மறுமொழி:

ஐயா, நன்றி. நேற்றே நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. அண்ணன் முகம்தான் சரியில்லை. பத்திர எழுத்தர் தாங்குமுத்திரை புரியவில்லை என்றார். அதனால் முதலிடத்தில் மட்டும் ‘வெடிச்சோதனையைத் தாங்கியதற்கான முத்திரை, இனி தாங்குமுத்திரை’ என்று விரித்து எழுதியிருக்கிறேன். உடைமைக்குறிக்கு அவர் தடையே சொல்லவில்லை. சுழலுருளையை மட்டும் அடித்துவிட்டு ‘சிலிண்டர்’ என்று போட்டுக்கொண்டார். அதற்கு வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் கையெழுத்து.