'யெஸ்' குழுவின் இரட்டைத் தட்டு: ஆழமா, வெறும் நீளமா?

தாளப்பொறி:
நீளமான, சிக்கலான பாடல்களை நாடும் ராக் வகையான புரோக்ரசிவ் ராக் எங்கே சறுக்கியது என்று கேட்டால் நான் பிரிட்டனின் 'யெஸ்' குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' ஆல்பத்தைத்தான் காட்டுவேன். இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே பாடல், மொத்தம் எண்பது நிமிடத்துக்கு மேல். பாடகர் ஜான் ஆண்டர்சன் டோக்கியோ ஓட்டலில் யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலைப் புரட்டுகிறார். சாத்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்காக வகுக்கும் அடிக்குறிப்பு ஒன்று கண்ணில் படுகிறது. அடிக்குறிப்பு ஐயா, ஓர் அத்தியாயம்கூட இல்லை! அதை நம்பி இரட்டைத் தட்டு. நான்கும் நமக்குப் பழகிய சொற்கள். வரிகளில் அவற்றைத் தேடிப் பாருங்கள், அகப்பட்டால் சொல்லுங்கள்.

நான்காம்பக்கம்:
சாத்திர விளக்கம் எழுத அவர்கள் உட்காரவில்லையே. அந்த அடிக்குறிப்பு ஒரு வீட்டுக்கு நான்கு அறை என்று கோடு போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். சுவர் எழுப்பியது ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவ்வும். சுற்றுப்பயணத்தின் நடுவே, அமெரிக்காவின் சவானா நகரில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடியவிடிய உட்கார்ந்து நான்கு பாடல்களுக்கும் உருவம் கொடுத்தார்கள். நான்காம் பக்கத்தில் பாஸ் கிதாரும் தாளக்கருவிகளும் மோதும் இடத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். வரிகளைப் பிறகு பார்க்கலாம்.

ஒலிக்கூடம்:
பதிவு நடந்த விதத்தையும் பேசுவோம். லண்டன் மார்கன் ஸ்டூடியோவுக்குள் வைக்கோல் கட்டுகளைப் பரப்பி, பசு உருவத்தை வெட்டி நிறுத்தினார்கள். காட்டில் போய்ப் பதிவு செய்ய ஆண்டர்சனுக்கு ஆசை இருந்ததாம், அதற்கு இது ஈடு. கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் சலித்துப்போய் டார்ட்ஸ் எறிந்துகொண்டிருந்தார். அதே ஸ்டூடியோவில் வேலை செய்த பிளாக் சாபத் என்ற ராக் குழுவின் ஒரு பாட்டுக்கும் வாசித்துக் கொடுத்தார். கூலி பீர்! குழுவிலேயே கேட்கப் பொறுமை இல்லாத ஒருவர் இருக்கும்போது நாம் ஏன் பொறுமை காட்ட வேண்டும்?

நான்காம்பக்கம்:
வேக்மனின் நகைச்சுவையைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் எந்த ஆல்பமும் தேறாது. மான்செஸ்டர் மேடையில், வாசிப்புக்கு நடுவே இந்தியக் குழம்புச் சோறு வரவழைத்துச் சாப்பிட்டதாகச் சொல்லிச் சிரிக்க வைப்பவர் அவர்.

தாளப்பொறி:
சிரிப்பை ஒதுக்கிவிடுவோம். அவருடைய முக்கியமான குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லுங்கள். கையில் இருந்த சரக்கு ஒரு தட்டுக்கு அதிகம், இரண்டுக்குப் போதாது, ஆகவே இட்டு நிரப்பினோம் என்கிறார். வினைல் தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் நல்லபடி அடங்கும். ஐம்பது, அறுபது நிமிடத்துக்கு அன்று இடமே இல்லை. குறைக்க வேண்டும், இல்லையென்றால் எண்பதுக்கு இழுக்க வேண்டும். இவர்கள் இழுத்தார்கள். இரண்டாம் பக்கத்தில் மெலட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) அலை அலையாக வந்துகொண்டே இருக்கிறது. எங்கே போகிறது?

நான்காம்பக்கம்:
போகாமல் இருப்பதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. அது ஸ்மிருதி, நினைவு. ஒரே மெட்டு வேறு வேறு உடையில் திரும்பி வருகிறது. மூன்றாம் பக்கத்துக்காக நான் இவ்வளவு வாதாட மாட்டேன். ஆனால் அதன் முடிவில் ஹவ் நைலான் நரம்புக் கிதாரைத் தொட்டதும் அதுவரை கேட்ட இரைச்சலுக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது. மக்களும் கைவிடவில்லை. முன்பதிவிலேயே விற்பனைக்கான தங்கத் தட்டு விருது, பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் ஆறாம் இடம்.

ஒலிக்கூடம்:
முன்பதிவு என்றால் கேட்கும் முன்னே கொடுத்த காசு. அது 1972-இல் வந்த இவர்களுடைய முந்தைய ஆல்பம் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' சம்பாதித்த மரியாதை. கேட்டபின் என்ன நடந்தது? தட்டு கடைக்கு வரும் முன்பே நவம்பர் கச்சேரிகளில் நான்கு பக்கத்தையும் வாசித்துவிட்டார்கள். அறிமுகமே இல்லாத எண்பது நிமிட இசையை இருக்கையில் கட்டிப்போட்டுக் கேட்க வைத்தால் எந்த ரசிகரும் நெளிவார். விமர்சகர்கள் காய்ச்சினார்கள். 1974 மே மாதம் வேக்மன் விலகினார்.

தாளப்பொறி:
1976-இன் இறுதியில் திரும்பியும் வந்தார், அதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் எதற்குத் திரும்பினார்? பெரும்பாலும் சிறு பாடல்கள் கொண்ட ஓர் ஆல்பத்துக்கு.

நான்காம்பக்கம்:
பதினைந்து நிமிடப் பாடலும் அதில் இருக்கிறதே! தவிர, மேடை வேறு கதை சொல்கிறது. 1980-இல் வெளியான நேரடி ஒலிப்பதிவு ஆல்பத்தில் நான்காம் பக்கம் சுருங்கவில்லை, அரைமணிக்குக் கிட்ட வளர்ந்திருக்கிறது. மற்ற மூன்றைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கட்டும், இதைத் தொடாதீர்கள்.

ஒலிக்கூடம்:
அப்படியானால் ஒரு பக்கம் தேறியது. மூன்று பக்கம் மிச்சம். 2003 மறுவெளியீட்டில் முதல் பாட்டின் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் வேறு சேர்த்திருக்கிறார்கள். எண்பது போதவில்லை போலிருக்கிறது!

நான்காம்பக்கம்:
அன்று வெட்டிய இரண்டு நிமிடத்தைத் திரும்ப வைத்தார்கள். அந்த மெல்லிய ஓசை முன்னே வந்தால்தான் ஆண்டர்சனின் முதல் வரி உச்சாடனமாக விழுகிறது. அது இல்லாத பதிப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியவர்கள் இங்கே எத்தனை பேர்?