பழைய ஜமீன் போட்டோ: அசலா, அச்சா?

காரைக்குடி
முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகளில் ‘ராஜா காலத்து ஒரிஜினல்’ என்று எடுத்து நீட்டினால், முதலில் 10 மடங்கு லென்ஸை முகத்தின் மேல் வையுங்கள். வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அச்சுப் படம், பேரமே வேண்டாம். புள்ளி இல்லாமல் காகித நார் தெரிந்து, மயிரிழை வெடிப்பும் வெளுத்த இடங்களில் மஞ்சளும் இருந்தால் ஆல்புமென். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம் அது, 1850இல் வந்தது. நாரே தெரியாமல், சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் பகுதியில் வெள்ளி மினுங்குகிறதா? ஜெலட்டின் பூசிய காகிதம். பெரும்பாலும் 1890களும் அதற்குப் பிறகும்.

படம் ஒட்டியிருக்கிற அட்டையையும் அளந்து பாருங்கள். சுமார் 64க்கு 100 மி.மீ. என்றால் கார்ட் தெ விசிட் என்கிற சின்ன அட்டைப் படம். 108க்கு 165 என்றால் கேபினட் என்கிற பெரிய அட்டை, 1866 வாக்கில் வந்தது.

ராமநாதபுரம்
அட்டை அளவை மட்டும் நம்பிக் காலம் சொல்லாதீங்க. கேபினட் அட்டை 1900 தாண்டியும் ஓடுச்சு. பழைய படத்தையே திரும்பப் படமெடுத்துப் புது அட்டையில ஒட்டினதும் உண்டு. அதுல பழைய அட்டையோட ஓரமோ கிழிசலோ படத்துக்குள்ளயே தெரியும். ஆள் வயசையும் பாருங்க. ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி பிறந்தது 1868. முறுக்கு மீசையோட நிக்கிற படத்துக்கு ‘1870’னு சீட்டு ஒட்டியிருந்தா சிரிச்சுட்டுக் கீழ வச்சிடுங்க.

நிக்கிறவர் கால் பக்கம் இரும்புப் பாதம் ஒண்ணு எட்டிப் பாக்கும். சில நொடி அசையாம நிக்கணுமே, அதுக்குத் தலையைப் பின்னாலிருந்து தாங்குற ஸ்டாண்டு அது.

பழைய படத்துக்கு இப்ப கலர் போடுறவங்களுக்கு ஒண்ணு: கொலோடியன் பிளேட், அதாவது அந்தக் காலத்துல படமெடுத்த மருந்து பூசின கண்ணாடி, நீலத்தைத்தான் நல்லாப் பிடிக்கும், சிவப்பும் மஞ்சளும் இருட்டா விழும். கறுப்பாத் தெரியுற தலைப்பாகை சிவப்புப் பட்டா இருந்திருக்கலாம்.

மதுரை, தெற்குமாசி வீதி
‘மதுரை நாயக்க ராஜா போட்டோ’ என்றும் ஒன்று சுற்றுகிறது. நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது, போட்டோ உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்!

அசல் கிடைத்தால் அட்டையிலிருந்து உரிக்கக் கூடாது. ஆல்புமென் காகிதம் மெலிசு. ஈரம் பட்டால் சுருண்டு, மேல்பூச்சு இன்னும் வெடிக்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் அப்படியே ஸ்கேன் பண்ணுங்கள். பிரேம் போடும்போது பெவிகால், செய்தித்தாள், பிளைவுட் மூன்றும் ஆகாது. அமிலமில்லாத அட்டையில் ஜன்னல் வெட்டிக் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஓதம் ஏறுகிற சுவரில் மாட்டினால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வரும். பூச்சிக்குப் பிடித்ததே அந்தப் பழைய மாவுப் பசைதான்.