புளிக்க வைத்த மாம்பழத் தோல்: கோழிகளின் எலும்பு எப்படி இருக்கிறது?

கிருஷ்ணகிரியிலிருந்து:
சீசனில் கூழ் ஆலைகளிலிருந்து பெங்களூரா மாம்பழத் தோல் டிராக்டர் டிராக்டராக வெளியே போகும். அதைத் தண்ணீர் வடியவிட்டு, தவிடும் கொஞ்சம் வெல்லக் கரைசலும் சேர்த்து, நீல டிரம்மில் அழுத்தி, காற்றுப் புகாமல் மூடி வைக்கிறேன். சரியாக வந்தால் புளித்த மோர் வாசம் அடிக்கும். பூசணம் தெரிந்தால் டிரம்மில் உள்ளது மொத்தமும் உரக்குழிக்குத்தான்.

நாட்டுக்கோழிகள் ஆசையாகத் தின்கின்றன. தீவனச் செலவும் குறைகிறது. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் பாதித் தீவனத்துக்கு மேல் இதையே போட்டார்கள். முட்டை வைக்கிற பெட்டைகள் சில, மூலையில் உட்கார்ந்தே கிடந்தன. ஒன்றைத் தூக்கி நெஞ்செலும்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். நேராக இருக்க வேண்டியது நடுவில் நெளிந்திருந்தது. முட்டை ஓடும் தொட்டால் அமுங்கியது. மனசே கேட்கவில்லை.

பழி புளிப்பின் மேல் இல்லை. தவிட்டில் பைட்டேட்டாக, அதாவது கோழிக்கு எளிதில் செரிக்காத வடிவத்தில், பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸ், புளிக்கும்போது ஓரளவு விடுபடும். அது எலும்புக்கு நல்லதுதான். குறைவது கால்சியம். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் போகிறது. அதனால்தான் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வைக்கிறார்கள். பழத்தோல் வயிற்றை நிரப்பிவிடும், கால்சியம் வராது. தீவனத்தில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்து உருவி ஓட்டுக்குக் கொடுத்துவிடும்.

தர்மபுரியிலிருந்து:
எங்கள் ஊர் கால்நடை மருத்துவரும் இதையேதான் சொன்னார் அண்ணா. கால்சியத்துக்குக் கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் சாயங்காலம் வையுங்கள். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. மாவாக அரைத்தது சீக்கிரம் கரைந்து போய்விடும்; சிறு துண்டுகளாக இருந்தால் விடியும்வரை இரைப்பையில் நின்று கரையும். குஞ்சுகள் அந்தச் சட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் தீவனத்தில் 1 சதவீதம் கால்சியம் இருந்தால் போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

தேனியிலிருந்து:
இங்கே வாழைப்பழத் தோல்தான். அதில் பொட்டாசியம் அதிகம். கூடிப்போனால் எச்சம் தண்ணியாகி, தரையில் போட்ட தேங்காய் நார்க்கழிவு நசநசவென்று ஆகிவிடும். அப்புறம் கோழி நொண்டும். எலும்பு என்று முடிவு செய்வதற்கு முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தால் அது ஈரத்தால் வந்த புண். என் கொட்டகையில் தரையைக் காயவைத்து, தோலின் அளவைக் குறைத்ததும் கோழிகள் பழையபடி நடந்தன.