தந்தையின் ரிவால்வரில் தோட்டா இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி:

என் தந்தை சென்ற மாதம் காலமானார். தோட்டத்தின் பாதுகாப்புக்காக முறைப்படி உரிமம் பெற்று அவர் வைத்திருந்த, கான்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .32 ரிவால்வர் ஒன்று வீட்டு இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க விரும்புகிறேன். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது எனக்குத் தெரியவில்லை. அப்பா எப்போதும் காலி செய்துவிட்டுத்தான் வைப்பார் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். எனக்குத் துப்பாக்கியைக் கையாண்ட பழக்கம் சிறிதும் இல்லை. எடுத்துச் செல்வதற்கு முன் நானே சரிபார்க்கலாமா?

மறுமொழி 1:

தங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். காவல்துறையின் ஆயுதப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் அதைத் தொட வேண்டாம். பெட்டகத்தைப் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஸ்டேஷன் ரைட்டரைப் பார்த்து, உரிமதாரர் இறந்துவிட்டார், ஆயுதம் வீட்டில் இருக்கிறது, அது காலியாக உள்ளதா என்பது தெரியாது, கையாளத் தெரிந்த ஒருவர் வந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்று எழுத்து மூலம் கொடுங்கள். உரிமம் உங்கள் தந்தையின் பெயரில் இருந்தது. அவருக்குப் பின் அந்த ஆயுதத்தை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அதைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்தாக வேண்டும். வாரிசு என்ற முறையில் உரிமத்துக்குப் பின்னர் விண்ணப்பிக்க நினைத்தாலும், முதலில் ஒப்படைத்து ரசீது பெறுவதே சரியான வழி.

அம்மா சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு துப்பாக்கி காலியா இல்லையா என்பதற்கு யாருடைய நினைவும் சான்றாகாது. எங்கள் பிரிவில் ஒருவர் சரிபார்த்துக் கைமாற்றிய ஆயுதத்தை, அவர் கண்ணெதிரே நின்று பார்த்திருந்தாலும், வாங்குபவர் மீண்டும் திறந்து பார்த்த பிறகே ஏற்பார். கொடுத்தவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. காவல் நிலையத்துக்கு நாளையே செல்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: பெட்டகக் கதவைத் திறந்து பார்த்தபோது அதன் சுத்தியல் பின்னுக்கு இழுக்கப்படாமல் கீழே படிந்திருந்தது. அப்படியானால் ஆபத்து இல்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:

கொள்ளக்கூடாது. இந்த வகை ரிவால்வரில் விசையை இழுத்தாலே சுத்தியல் தானாக உயர்ந்து விழும். அதோடு, விசை இழுபடும்போது, தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழன்று, அதன் அடுத்த அறை, அதாவது அடுத்த தோட்டாத் துளை, சுத்தியலுக்கு நேராக வரும். ஆகவே சுத்தியலுக்கு நேரே இப்போது இருக்கும் அறை காலியாக இருந்தாலும் பயனில்லை. வெடிக்கப்போவது அதற்கு அடுத்த அறை. இதை அறியாமல், ஒரே ஓர் அறையைப் பார்த்துவிட்டுக் காலி என்று முடிவு செய்பவர்கள் உண்டு.

வந்து எடுப்பவர் என்ன செய்வார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. குழல்முனையை ஆளில்லாத, குண்டு பாய்ந்தாலும் ஊடுருவாத திசை நோக்கி வைத்து, விரலை விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே துப்பாக்கியின் உடற்பகுதி மேல் நீட்டிக்கொண்டு, இடப்பக்கம் கட்டைவிரல் எட்டும் இடத்திலுள்ள நெம்புகோலை அழுத்துவார். குழல் முன்புறமாக மடங்கித் திறக்கும். உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தள்ளி எழுந்து, தோட்டாக்களை ஒருசேர வெளியே தள்ளும். தயங்கித் தயங்கித் திறந்தால் ஒரு தோட்டாவின் விளிம்பு அந்தத் தள்ளிக்கு அடியில் நழுவி, அறைக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். எனவே கீழே விழுந்தவற்றை எண்ணினால் போதாது. ஆறு அறைகளிலும் வெளிச்சம் ஊடுருவித் தெரிய வேண்டும். சுண்டுவிரல் நுனியால் ஒவ்வோர் அறையையும் தடவியும் பார்க்க வேண்டும். திறக்காமலே முன்பக்கமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க யாரும் முயலக்கூடாது, ஏனெனில் அப்போது குழல்முனை பார்ப்பவரின் முகத்தை நோக்கியே இருக்கும்.

மறுமொழி 2:

நான் துப்பாக்கி சுடும் பயிற்சியாளர். மேலே பெரியவர் சொன்னவை முற்றிலும் சரி. இதைப் படிப்பவர்களில் பிஸ்டல் வைத்திருப்பவர்களும் இருக்கலாம் என்பதால் அதைப் பற்றியும் எழுதுகிறேன். பிஸ்டலில் வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, வெளியே எடுக்க வேண்டும். அதன் பிறகே ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியை, முழுமையாகப் பின்னிழுத்து, குழலின் பின்முனையில் இருக்கும் அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டா கண்ணெதிரே வெளியே குதிக்கும். ஸ்லைடு முன்னே வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிவிடும். அதற்குப் பிறகு மேகசினை உருவுபவர், தோட்டாவும் வெளியே வந்துவிட்டது, மேகசினும் கையில் இருக்கிறது என்று நம்பி விசையை இழுத்துப் பார்க்கிறார். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி அமைந்த பிஸ்டல்கள் சில உண்டு. பெரும்பாலானவை அப்படி அல்ல, அறையில் ஒரு தோட்டா இருந்தாலே சுடும். ஆகையால் ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்தி, அறையையும் மேகசின் இருந்த இடத்தையும் கண்ணாலும் விரலாலும் சோதித்து, சற்று வேறு பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள். போட்டிக் களங்களில் காலி அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கொடி செருகி வைக்கும் விதி இருக்கிறது. தொலைவில் நிற்பவருக்கும் அது தெரியும்.

விசையில் விரல் வைக்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கை எதையாவது இறுகப் பற்றும்போதும், கால் இடறும்போதும், திடீர் ஓசையில் திடுக்கிடும்போதும் மறுகையின் விரல்கள் தாமாகவே இறுகும். மன உறுதியால் இதைத் தடுக்க முடியாது. விரல் வெளியே இருந்தால்தான் தடுக்க முடியும். அதுபோலவே, கைநழுவிக் கீழே விழும் துப்பாக்கியைப் பிடிக்கப் பாயக்கூடாது. பிடிக்கும் அவசரத்தில் விரல் விசைக்குள் போய்விடும். விழட்டும் என்று விட்டுவிடுங்கள்.

மறுமொழி 1:

பயிற்சியாளர் சொன்ன வரிசையை வழிமொழிகிறேன். கேட்டவருக்கு இன்னும் ஒன்று: பெட்டகத்தில் தோட்டாப் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேர்த்தே ஒப்படையுங்கள். ரிவால்வரின் எண்ணோடு தோட்டாக்களின் எண்ணிக்கையையும், உருளையிலிருந்து எடுக்கப்பட்டவை இருந்தால் அவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு ரசீது எழுதச் சொல்லி, தந்தையின் உரிமப் புத்தகத்தோடு அதைப் பத்திரப்படுத்துங்கள்.